வன்னியில் என் கால் தரையில் பட்டது

இலங்கையின் பரந்தன் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினேன். என்னை அழைத்துப்போக வந்திருந்த கனகரத்தினம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே காலைத்தான் பார்த்தான்.

"எப்பிடியடாப்பா கால்? இப்பவும் அதே இரும்போ?"

"அதே இரும்புதான். உனக்கு?"

"எனக்கென்ன குறை! வன்னித் தண்ணி குடிச்ச கால்."

அவன் சொன்னதை நான் நம்பினேன். நான் சொன்னது பச்சைப் பொய்.

கனகு யாழ்ப்பாணத்துக்காரன். சென்னைக்கு வந்து காலேஜில் படித்தவன், ஹாஸ்டலில் என் அறைக்காரன். இரண்டு பேருக்கும் சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மகாபலிபுரம்வரை மிதிப்போம். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். புறப்பட்டால் போய்ச் சேரும்வரை கால் தரையில் படக்கூடாது. பட்டவன் அன்றைக்கு டிபன் வாங்கித் தரவேண்டும். எனக்கு டிபன் செலவே வந்ததில்லை என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

படிப்பு முடிந்து அவன் கொழும்பில் குமாஸ்தாவானான். வேலையை முடித்துக்கொண்டு இப்போது வன்னியில் குடியேற்றத் திட்டத்தில் காணி வாங்கி நெல் விதைக்கிறான். நான் தஞ்சாவூரில் பள்ளிக்கூட வாத்தியாராகி, ஓய்வும் பெற்றாயிற்று. சட்டத்தை மட்டும் விடவில்லை. தினமும் காலையில் திருவையாற்றுக்குச் சைக்கிளில் போய்த் திரும்புவேன். வழியில் ஆறு ஆறாகப் பாலம் வரும், ஒவ்வொரு பாலமும் ஓர் ஏற்றம். எந்த ஏற்றத்திலும் நான் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

போன வருஷத்திலிருந்துதான் ஏற்றத்தில் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு வாங்கினா இறங்கி நின்னு, ஆறினப்புறம் ஏறுங்க. அது முடியாதுன்னா சைக்கிளையே விட்டுடுங்க" என்றார். நான் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டேன். பாதி வழியில் இறங்கி நிற்கிறவனுக்குச் சைக்கிள் எதற்கு என்பது என் கட்சி. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்கு விற்பதாகப் பேச்சும் ஆகிவிட்டது. "இலங்கைக்குப் போயிட்டு வாங்க. வந்ததும் அவரை வரச் சொல்லலாம்" என்று என் மனைவி கமலம் நல்ல பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆக, இது என் கடைசிச் சவாரி. கனகுவுக்கு அறுபதாம் கலியாணம். அதற்கு வந்த சாக்கில் அவனோடு முல்லைத்தீவுக் கடல்வரை, சட்டப்படி, கால் படாமல் மிதித்துவிட்டு, பிறகு சைக்கிளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் கப்பலேறினேன். நெஞ்சு சம்மதிக்குமா என்ற பயமும் கூடவே ஏறியது. இதில் ஒன்றையும் கனகுவிடம் சொல்லவில்லை.

பரந்தனிலிருந்து கனகுவின் ஊரான தருமபுரத்துக்கு டிராக்டரில் போனோம். இங்கே 'மெசின்' என்றால் டிராக்டர்தான். அதன் பின்னால் கட்டிய பெட்டியில் உர மூட்டைகள்மேல் கனகுவும் நானும், எங்களுக்கு நடுவில் ஓர் ஆடும் உட்கார்ந்திருந்தோம். டிராக்டர்காரர் எதிரே யார் வந்தாலும் நிறுத்திக் குசலம் விசாரித்தார். ஒரு பள்ளத்தில் சக்கரம் புதைந்தது. இறங்கித் தள்ளினோம். ஆடு இறங்கவில்லை.

காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர் தருமபுரம். எங்கள் தஞ்சாவூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், நடுவில் ஏதாவது மரம் இருந்தால் அது அதிசயம். இங்கே காடுதான் எல்லாம். அதற்குள் பாய் விரித்ததுபோல அங்கங்கே கொஞ்சம் வயல். வீடுகள் ஒரே அச்சு. பக்கத்து வீட்டுக்குள் தவறி நுழைந்து, காலைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டேன். அந்த வீட்டு அம்மாள் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி கொடுத்தார். கனகுவின் மனைவி பூரணம் வந்துதான் என்னை மீட்டுக்கொண்டு போனார்.

தேத்தண்ணியோடு உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி தருகிறார்கள். நான் அதைத் தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கினேன். பூரணம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணை, அதைக் கடிச்சுக் கடிச்சுக் குடியுங்கோ. கலக்கினா ருசி போயிடும்" என்றார். அவர் சொன்னது சரிதான். இரவு குத்தரிசி மாப் புட்டும், மரைமான் இறைச்சி வத்தல் குழம்பும், எருமைத் தயிரும். தயிரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. எங்கள் ஊர்த் தயிரை நினைத்து எனக்கு வெட்கமாயிருந்தது.

"நாளைக்குச் சைக்கிளில விசுவமடுப் பக்கம் போய் வருவம்" என்றான் கனகு.

பூரணம் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "சைக்கிளிலயோ?" என்று கேட்டார்.

"ஓம், சைக்கிளிலதான். நீர் சும்மா இரும்" என்றான் அவன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தே என் மூச்சுக் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, நான் புட்டை மும்முரமாகச் சாப்பிட்டேன்.

எனக்குக் கிடைத்தது கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரின் சைக்கிள். நெல் மூட்டை ஏற்றிப் பழகிய வண்டி. ஆள் ஏறினால் அதற்குப் பிடிக்காது. ஆசனம் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும். ரோட்டைப் பார்க்கவேண்டிய நான் பெரும்பாலும் காட்டைப் பார்த்தேன். அதனால் மயில்களை நிறையப் பார்க்க முடிந்தது.

சிவப்புச் சரளை ரோட்டில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். ஒரு சின்ன ஏற்றம். நெஞ்சு பிடித்து இழுக்க ஆரம்பித்தது. காது அடைத்தது. கனகுவுக்கு முன்னால் இறங்குவதா? செத்தாலும் மாட்டேன் என்று பல்லைக் கடித்தேன். அப்போது முன்னால் போன கனகு சட்டென்று இறங்கினான்.

"இறங்கடாப்பா. பிள்ளையார்."

ஒரு பாலை மரம். அடியில் ஒரு கல். கல்லைச் சுற்றிக் காய்ந்ததும் பச்சையுமாகக் கிளைகள் குவிந்து கிடந்தன. இந்தக் காட்டு வழிகளில் அது ஒரு வழக்கம். போகிறவர்கள் இறங்கி, இலையோடு ஒரு கொப்பு முறித்துப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அதற்குக் 'குழை முறித்தல்' என்று பெயர். "குழை போடாமல் போனா யானை மறிக்கும்" என்றான் கனகு. ரோட்டோரத்தில் யானை லத்தி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பக்தி பெருகியது.

சாமிக்காக இறங்கினால் சட்டத்தில் சேராது என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். குழை முறிக்கப் போனேன். இந்த மரத்து இலை நன்றாயில்லை, அந்த மரத்தில் பூச்சி என்று மரம் மரமாகத் தேடினேன். நான் ஒரு நல்ல குழையோடு திரும்பும்போது மூச்சு சமாதானமாகிவிட்டது. கனகு இன்னும் மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். நெற்றியில் குட்டிக்கொண்டான். தோப்புக்கரணம் மட்டும் போடவில்லை.

"தோப்புக்கரணம்?"

"காட்டுப் பிள்ளையாருக்கு அது தேவையில்லை" என்றான். எனக்கும் அது சௌகரியமாகவே பட்டது.

இன்னும் கொஞ்ச தூரத்தில் இரண்டாவது பிள்ளையார். நல்ல கல், விபூதிகூடப் பூசியிருந்தது. அங்கேயும் இறங்கினோம். அதற்கப்புறம் ஒரு வீரை மரத்தடியில் கனகு மறுபடி இறங்கினான். அங்கே கல் இல்லை, குழை இல்லை, ஒன்றுமே இல்லை.

"பிள்ளையார் எங்கேடா?"

"வேருக்குள்ள இருக்கிறார்" என்றான் கனகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

எனக்கு அப்போதுதான் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. வேருக்குள் இருந்தால் என்ன, வேரே அவராக இருந்தால் என்ன? இரண்டு பேரும் குழை முறித்து அந்த வேரில் செருகிவிட்டு, நெடுநேரம் கும்பிட்டோம்.

அன்று வீடு திரும்பும்போது எனக்கு ஆனந்தம். இருபது வயதில்கூட இவ்வளவு சந்தோஷமாகச் சைக்கிள் விட்டதில்லை. நின்ற இடத்தில் குயில் கேட்டது, காட்டு மல்லிகை மணத்தது. மகாபலிபுரம் ரோட்டில் இப்படி எதையாவது பார்த்தேனா என்றால், கனகுவின் பின் சக்கரத்தைத்தான் பார்த்தேன். இரவு சாப்பிடும்போது வன்னி மக்களின் தெய்வ பக்தியை மனதாரப் புகழ்ந்தேன். கனகு தலையைக் குனிந்துகொண்டு சொதியை ஊற்றிக்கொண்டான்.

ஒரு நாள் விட்டு மறுபடியும் போனோம். அந்த வீரை மரத்தடியில் நாங்கள் செருகிய குழைகள் வாடிக் கிடந்தன. அவற்றோடு வேறு யாரோ போட்ட குழைகளும் கிடந்தன. கனகு உற்றுப் பார்த்தான்.

"ஆரோ போட்டிருக்கினம்" என்றான், நம்ப முடியாதவன்போல.

"போடத்தானே செய்வாங்க? பிள்ளையார் இருக்காரே."

"ஓமோம். இருக்கிறார், இருக்கிறார்."

இடையில் அறுபதாம் கலியாணம் வந்தது. ஊர்க் கோயிலில் சின்ன ஏற்பாடு. மனைப்பலகையில் சம்மணம் போட்டு உட்காரக் கனகு பட்டபாட்டைப் பார்க்கவேண்டும். பலகை சரியில்லை என்றான், இடம் மேடு என்றான், கடைசியில் ஐயரையே முறைத்தான். பூரணம் புதுப்பெண்போலத் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்திலிருந்தவர் தஞ்சாவூரில் எத்தனை குளம் என்று கேட்டார். ஆறுதான் உண்டு என்றேன். ஆறு குளம்தானா, பாவம் என்று என் இலையில் இன்னொரு வடை வைத்தார். நான் திருத்தவில்லை, வடை நன்றாயிருந்தது.

அதற்கடுத்த நாள்தான் முல்லைத்தீவுப் பயணம். என் கடைசிச் சவாரி. அதிகாலையிலேயே பூரணம் புட்டை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். "கெதியாப் போகவேணாம். ஆறுதலாப் போங்கோ" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார். முதல் பிள்ளையாரிடம் இறங்கினோம். இரண்டாவது பிள்ளையாரிடமும் இறங்கினோம். நெஞ்சு வம்பு செய்யவில்லை. ஆனால் மனசு சரியில்லை. திரும்பிப் போனால் சைக்கிள் கிடையாது. மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது என்றே சொல்லிவிடுகிறேன். ஆசனம் காட்டைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் கனகு கவனிக்கவில்லை.

வீரை மரம் வந்தது. அங்கே ஒரு சிவப்பு பஸ் நின்றுகொண்டிருந்தது.

பழுதாகி நிற்கிறது என்று நினைத்தேன். இல்லை. பயணிகள் பூராவும் இறங்கி மரத்தைச் சுற்றி நின்றார்கள். வேரடியில் இப்போது ஒரு கல் இருந்தது. கல்லுக்கு விபூதி, பொட்டு, செம்பருத்திப் பூ. குழை இடுப்பளவு குவிந்திருந்தது. கண்டக்டர் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். டிரைவர் சிங்களவர். அவர் காக்கிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பயபக்தியோடு ஒரு தேங்காயை ஓங்கி அடித்தார். பிறகு கண்டக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கொழும்பில் வேலை பார்த்த கனகு எனக்கு அதைத் தமிழில் சொன்னான்: "இத்தனை நாளாக இவரைப் பாராமல் போயிருக்கிறேனே! யானைக் காட்டில் வண்டி ஓட்டுகிறவன் கணதெய்வத்தோடு பகைத்துக்கொள்ள முடியுமா?" சொல்லும்போது கனகுவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

நாங்கள் சைக்கிளிலிருந்து இறங்கியதும் வழி விட்டார்கள். பூசணிக்காய் ஒன்றை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, உங்களை முந்தியும் இதிலை கண்டனான். நீங்கள்தானே முதலில குழை போட்டனீங்கள்?"

"ஓம்" என்றான் கனகு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன்போல.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தப் பிள்ளையாருக்கு எதுக்கு நேர்த்தி வைக்கிறது? எந்த நோய் வருத்தத்துக்கு இவர் வல்லவர்?"

"முழங்காலுக்கு" என்றான் கனகு.

"மூச்சுக்கு" என்றேன் நான்.

இரண்டும் ஒரே சமயத்தில் வெளியே வந்துவிட்டன.

கனகு என்னைப் பார்த்தான். நான் அவன் முழங்காலைப் பார்த்தேன். அந்த அம்மாள் மட்டும் கொஞ்சமும் குழம்பவில்லை. "அப்ப ரெண்டுக்கும் வைப்பம். எனக்கு ரெண்டும் இருக்கு" என்று பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு குழை முறித்துப் போட்டுக் கும்பிட்டார்.

பஸ் போன பிறகு கனகு வேட்டியைத் தூக்கிக் காட்டினான். வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"இதிலை பிள்ளையார் இல்லையடாப்பா" என்றான். "முதல் ரெண்டும் உண்மை. இது நான் சொன்ன பொய். அண்டைக்கு இந்த இடத்தில கால் மடங்கவே மாட்டன் எண்டுட்டுது."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஆருக்கு? உனக்கோ? வாழ்நாளில கால் நிலத்தில படாத மனுசன் வாறான் எண்டு அறிஞ்ச நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. நான் சைக்கிளில ஏறியே கனகாலம். நீ வாறாய் எண்டுதான் திரும்பவும் ஏறினனான். பூரணம் நாளும் ஏச்சு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் மூச்சு வாங்கியது. வேரில் உட்கார்ந்துகொண்டு என் கதையைச் சொன்னேன். டாக்டர் சொன்னது, மரம் மரமாகக் குழை தேடியது எல்லாவற்றையும். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சைக்கிளை விற்கப்போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"விக்கப்போறியோ? விசரே உனக்கு?"

"இறங்கி இறங்கி ஓட்டறதுக்குப் பேசாம—"

"இறங்கித்தானே ஓடினனீ! இத்தனை நாளும் இறங்கி இறங்கித்தானே ஓடினனீ! என்ன குறைஞ்சு போச்சு? வீட்டை வந்து பாட்டுப் பாடினாய். ரெண்டு தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டாய். டாக்குத்தர் சொன்னதைத்தானே இஞ்ச செய்துகொண்டிருக்கிறாய், விசரா!"

அவன் கோபத்தில் வேட்டியைக்கூட இறக்கிவிடவில்லை. அந்த வீங்கிய முழங்காலோடு என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்திருந்தால் அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இவ்வளவு வருஷம் கழித்தும் என்மேல் இப்படிக் கோபப்பட ஓர் ஆள் இருக்கிறான் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

கொஞ்சம் தணிந்ததும் அவனுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. "பிள்ளையாரைப் பொய்க்கு இழுத்திட்டனே! இனி இதிலை கோயில் கட்டுவினம். என்னைத்தான் தலைவராப் போடுவினம்" என்று புலம்பினான். கல்லின்முன் நின்று, மன்னிப்பாகப் பாதித் தோப்புக்கரணம் போட்டான். முழுசாக முடியவில்லை.

அங்கிருந்து முல்லைத்தீவுவரை இஷ்டத்துக்கு இறங்கினோம். உடையார்கட்டில் இளநீருக்காக இறங்கினோம். குளத்தில் எருமைகள் குளிப்பதைப் பார்க்க இறங்கினோம். ஓரிடத்தில் காரணமே இல்லாமல் இறங்கி, காரணம் இல்லை என்பதைப் பேசிச் சிரித்துவிட்டு ஏறினோம். காலையில் சேரவேண்டியவர்கள் வெயில் சாய்ந்துதான் கடலைப் பார்த்தோம். கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் ஒரு முஸ்லிம் பெரியவர் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தார். "போதும் காக்கா" என்று கனகு கையை மறித்தான். 'காக்கா' என்றால் இங்கே அண்ணன். "சைக்கிளில வந்தவையளுக்குப் போதும் எண்ட கதை இல்லை" என்று அவர் கைக்கு மேலாலேயே ஊற்றினார்.

ஊருக்குத் திரும்பிய அன்றே தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வந்துவிட்டார். கமலம் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தாள். விற்கவில்லை என்று சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். கமலம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னது என்னாச்சு?"

"ரெண்டு சொன்னார். நான் முதலாவதைச் செய்யப்போறேன்."

"நீங்களா? இறங்குவீங்களா?" என்றாள். அவள் குரலில் இருந்தது சந்தேகம்தான்.

மறுநாள் காலையில் திருவையாற்று ரோட்டில் புறப்பட்டேன். வெண்ணாற்றுப் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இது வன்னி இல்லை. இங்கே பிள்ளையாருக்கு யாரும் குழை முறிப்பதில்லை. சாக்குச் சொல்ல ஒரு கொப்புகூடக் கையில் கிடையாது. எதிரே வருகிற பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரத்தில், எல்லோரும் பார்க்க நின்றேன்.

திருவையாற்றிலிருந்து தினமும் பால் கொண்டுவருகிற கோவிந்தன் எதிரே வந்தார். கிட்டத்தட்ட என் வயசு. இருபது வருஷமாக அதே பாலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்து, சைக்கிளிலிருந்தபடியே தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். அவர் காலை ஊன்றாமல் வேகத்தை மட்டும் குறைத்தார்.

"என்ன சார், பஞ்சரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வார்த்தை நாக்குவரை வந்தது.

"இல்லப்பா. மூச்சு வாங்குது. கொஞ்சம் நின்னுட்டு ஏறுவேன்."

கோவிந்தன் என்னைத் தாண்டிப் போனார். கொஞ்சம் தள்ளி பால் கேன்கள் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் சைக்கிளிலிருந்து இறங்கி, அதைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எனக்கு இடுப்பு சார்" என்றார்.